பொன் அரிக்கும் வைரஸ்

1985-இல் மிசௌரி பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் ஸ்மித், பாக்டீரியாவைத் தாக்கும் பேஜ் வகையைச் சேர்ந்த நூலிழை வைரஸ் ஒன்றின் மரபணுவுக்குள் வேற்று டிஎன்ஏத் துண்டொன்றைச் செருகினார். அதற்குரிய புரதத் துண்டு, அதாவது பெப்டைடு, வைரஸின் மேலுறையில் வெளிப்பட்டது. 1990-இல் கோடிக்கணக்கான பெப்டைடுகளைத் தாங்கிய பேஜ் தொகுப்புகள் வந்துவிட்டன. இலக்கின்மேல் அவற்றை ஊற்றிக் கழுவுவார்கள்; ஒட்டி நின்றதை மட்டும் பாக்டீரியாவில் பெருக்கி மறுபடியும் ஊற்றுவார்கள். ஆற்றுமணலில் பொன் அரிக்கிற வேலைதான். ஆய்வகத்திலும் அந்தப் பெயரே நிலைத்தது. இந்த அரிப்பு கேட்பது ஒன்றைத்தான்: ஒட்டுகிறதா? புற்றுநோய்ச் சிகிச்சையில் பேஜ் பெப்டைடுகள் எழுந்ததற்கும் சறுக்கியதற்கும் அந்த ஒற்றைக் கேள்வியே காரணம் என்பேன்.

1996-இல் கலிஃபோர்னியாவில் ரெனாட்டா பாஸ்குவாலினியும் எர்க்கி ருவோஸ்லாட்டியும் பேஜ் தொகுப்பை உயிருள்ள சுண்டெலியின் ரத்தத்திலேயே செலுத்தி, எது எந்த உறுப்பில் தங்குகிறது என்று பார்த்தார்கள். 1998-இல் வாடி அராப்புடன் சேர்ந்து, கட்டியின் ரத்தநாளங்களைத் தேடிப்போகும் பெப்டைடுகளில் டாக்சோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்தைப் பிணைத்து அனுப்பினார்கள். சுண்டெலிகளில் மருந்தின் வீரியம் கூடியது, நச்சு குறைந்தது. அவற்றுள் என்ஜிஆர் என்ற பெப்டைடு எதில் ஒட்டுகிறது என்பதே பிறகுதான் தெரிந்தது: அமினோபெப்டிடேஸ் என் என்னும் நொதி. பூட்டு தெரியாமலே சாவி கிடைத்திருந்தது! அதே என்ஜிஆரை டிஎன்எஃப் புரதத்தோடு இணைத்து, மீசோதீலியோமா புற்றுநோயாளிகள் 400 பேரை வைத்து மூன்றாம் கட்டச் சோதனை நடத்தினார்கள். மொத்தத்தில் அது ஆயுளை நீட்டவில்லை.

குற்றம் சுமையாகப் போன டிஎன்எஃப் மீது, சுமந்த பெப்டைடின் மீதல்ல என்று வாதிடலாம். அதில் ஓரளவு நியாயமும் உண்டு. ஆனால் சின்னப் பெப்டைடை ரத்த நொதிகள் சிதைக்கும், சிறுநீரகம் விரைவில் வடித்துவிடும். கழுவும் கிண்ணத்தில் இதையெல்லாம் யாரும் சோதிப்பதில்லை. ஸ்மித்துக்கும் கிரெகரி வின்டருக்கும் பேஜ் முறைக்காக 2018-இல் நோபல் பரிசு கிடைத்ததே என்றால், வின்டர் பேஜில் ஏற்றியது எதிர்ப்பொருளை. அது ரத்தத்தில் வாரக்கணக்கில் நிற்கும். வயிற்றுப் புற்றுக்கான ராமுசிருமாப் அந்த வழியில் வந்ததே. ரத்தத் தட்டணுக் குறைவுக்கு 2008-இல் அனுமதி பெற்ற ரோமிப்ளோஸ்டிம் பேஜில் கிடைத்த பெப்டைடிலிருந்து பிறந்ததுதான். அதுவும் எதிர்ப்பொருளின் வால்பகுதியை இரவல் வாங்கியே நிலைத்தது. கட்டிக்குக் கதிரியக்கத்தைச் சுமந்துபோய் 2018-இல் அமெரிக்க அனுமதி பெற்ற லுட்டீசியம் டோட்டேட்டேட்டின் பெப்டைடோ, உடலின் சொந்த ஹார்மோனான சொமாட்டோஸ்டாட்டினைப் பார்த்துச் செய்தது, பேஜ் கண்டெடுத்ததல்ல. வின்டரும் கிறிஸ்டியன் ஹைனிஸும் பெப்டைடின் இந்தப் பலவீனத்துக்குச் செய்த மாற்று 2009-இல் வெளிவந்தது: பேஜின் மேல் இருக்கும்போதே பெப்டைடை வேதியியலால் இரட்டை வளையமாகப் பூட்டிவிட்டு, அதன் பிறகு அரிக்கத் தொடங்கினார்கள்.