பேய்க்கதைக்கு யார் பணம் போடுவது?

புதுப்பையன் ஒருவன் பேய்க்கதையோ கொலைக்கதையோ எழுதி வைத்துக்கொண்டு தயாரிப்பாளரைத் தேடி அலைவது கோடம்பாக்கத்தில் எந்தக் காலத்திலும் உள்ளதுதான். கதையை எழுதி முடிக்கும்வரை அவனுக்குச் சோறு போடுவது யார்? படம் ஓடாவிட்டால் நட்டத்தைத் தாங்குவது யார்? தமிழ் சினிமா வரலாற்றில் இந்த இரண்டு கேள்விகளையும் யாரும் சரியாக எழுதி வைக்கவில்லை. எனக்குத் தெரிந்த அளவில் எழுதிப் பார்க்கிறேன்.

இதற்கு ஓர் ஏற்பாடு செய்து வைத்திருப்பவர்கள் கொரியாக்காரர்கள். சியோல் நகருக்கும் இஞ்சியோன் துறைமுகத்துக்கும் நடுவில் புச்சியோன் என்று ஓர் ஊர். தொழிற்சாலைகளால் வளர்ந்த ஊர். நம் திருவொற்றியூர், எண்ணூர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 1997 முதல் அங்கே பேய், மாயம், மர்மம், அறிவியல் கற்பனை ஆகிய வகைப் படங்களுக்கென்றே ஒரு திரைப்பட விழா நடக்கிறது. 2008 இல் அதோடு ஒரு சந்தையையும் சேர்த்தார்கள். ஆசிய நாடுகளிலிருந்து இயக்குநர்கள் கதையைக் கொண்டுபோய், மேசைக்கு மேசை உட்கார்ந்து தயாரிப்பாளர்களிடம் சொல்ல வேண்டும். நல்ல கதைக்குப் பரிசுப் பணம் உண்டு. எடுத்து முடித்த படத்துக்கு அல்ல, இனிமேல் எடுக்கப்போகும் படத்துக்கு! இந்தோனேஷியா, பிலிப்பைன்ஸ், தாய்லாந்து பையன்களும் பேய்க்கதையைப் பையில் வைத்துக்கொண்டு அங்கே போகலாம். இன்னொரு துறைமுக நகரமான பூசானில் 1998 லேயே இதுபோன்ற கதைச் சந்தை தொடங்கிவிட்டது. கோவாவில் நம் மத்திய அரசு நிறுவனம் 'ஃபிலிம் பஜார்' ஆரம்பித்தது 2007 இல்தான்.

நம் ஊருக்கு வருவோம். ஸ்டுடியோக்கள் இருந்த காலத்தில் இந்தப் பாரத்தை முதலாளி தாங்கினார். கதை இலாகா என்று ஒன்று இருந்தது. எழுதுகிறவர்களுக்கு மாதச் சம்பளம் உண்டு. அதனால்தான் 1954 இல் ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரால் 'அந்த நாள்' என்ற படத்தை எடுக்க முடிந்தது. இயக்கியவர் வீணை எஸ். பாலசந்தர். பாட்டு இல்லை, நடனம் இல்லை. சிவாஜி சுடப்பட்டுச் சாவதில் படம் தொடங்குகிறது. யார் சுட்டது என்று ஒவ்வொருவரும் தன் பங்குக்கு ஒரு கதை சொல்கிறார்கள். ஜப்பானில் குரோசாவா 'ரஷோமோன்' எடுத்து நான்கு வருஷம்தான் ஆகியிருந்தது. அங்கே போல இங்கேயும் ஒரு சாவுக்குப் பல வாக்குமூலம்.

இந்தப் படம் நம் பக்கத்துக்காரர்களுக்குக் கொஞ்சம் நெருக்கமானது. கதை நடப்பது 1943 அக்டோபரில், ஜப்பானிய விமானம் சென்னைத் துறைமுகப் பக்கம் குண்டு போட்ட நேரத்தில். அந்த வயதில் ராயபுரத்திலும் தங்கசாலையிலும் இருந்த பெரியவர்கள், சட்டி பானையோடு ஊரைக் காலி செய்த கதையைச் சொல்லக் கேட்டிருப்பீர்கள். படம் ஓடவில்லை. மத்திய அரசின் தகுதிச் சான்றிதழ் கிடைத்தது. செட்டியாருக்கு வேறு படங்கள் இருந்தன. நட்டம் அதில் கரைந்துபோயிருக்கும். பாலசந்தருக்கு அந்த வசதி கிடையாது. பிறகு 'பொம்மை' (1964), 'நடு இரவில்' (1970) என்ற மர்மப் படங்களைத் தன் சொந்தக் கம்பெனியில்தான் எடுத்தார்.

ஸ்டுடியோக்கள் தளர்ந்த பிறகு அரசாங்கம் இருந்ததே என்று கேட்கலாம். இருந்தது. 1960 இல் திரைப்பட நிதிக் கழகம், 1975 இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம். அந்தக் கழகத்தின் பணத்தில் வந்த 'மறுபக்கம்' (1990) தங்கத் தாமரை வாங்கிய முதல் தமிழ்ப்படம். எழுத்தாளர் பூமணியின் 'கருவேலம் பூக்கள்' படமும் அங்கிருந்துதான் வந்தது. இரண்டும் நல்ல படங்கள். ஆனால் துப்பறியும் கதையோடு போனால் அந்த மேசையில் மரியாதை இருந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம். பேயும் கொலையும் 'மசாலா', அதற்கு வியாபாரிகள் இருக்கிறார்கள் என்பதுதான் அன்றைய எண்ணம். வியாபாரிகளோ புதுப்பையனை நம்ப மாட்டார்கள். நடுவில் ஒரு பள்ளம்.

அந்தப் பள்ளத்தை முதலில் தாண்டியவர்கள் அடையாறு திரைப்படக் கல்லூரிப் பையன்கள். 1986 சுதந்திர தினத்தன்று வந்த 'ஊமை விழிகள்' நினைவிருக்கிறதா? ஆபாவாணன் எழுதித் தயாரிக்க, அரவிந்தராஜ் இயக்கினார். சினிமாஸ்கோப்பில் இருட்டும் காற்றுமாக வந்த அந்தப் படத்தை நான் இரண்டாம் ஆட்டம் பார்த்துவிட்டு வீடு வரை திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தேன். அவர்களுக்குக் கிடைத்த பலம் விஜயகாந்த். பெயர் தெரியாத மாணவர்களை நம்பித் தேதி கொடுத்தார். அந்த நாளில் அதுவே பெரிய முதலீடு.

அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்கு மேல் உதவி இயக்குநராக இருந்து தேறுவதுதான் வழி. 2009 இல் கலைஞர் தொலைக்காட்சி 'நாளைய இயக்குனர்' நிகழ்ச்சியைத் தொடங்கியது. டிஜிட்டல் கேமரா வந்து செலவு குறைந்திருந்த நேரம். கார்த்திக் சுப்புராஜ், நலன் குமரசாமி, பாலாஜி மோகன், ராம்குமார், ரவிக்குமார் எல்லாரும் அந்தக் குறும்படங்களில் முகம் காட்டியவர்கள்தான். பள்ளிக்கூடம் ஆயிற்று, பணம் வேண்டுமே? சி.வி. குமார் என்ற ஒரே தயாரிப்பாளர் 2012 இல் 'அட்டகத்தி', 'பீட்சா', 2013 இல் 'சூது கவ்வும்', 2014 இல் 'முண்டாசுப்பட்டி', 2015 இல் கால எந்திரக் கதையான 'இன்று நேற்று நாளை' என்று வரிசையாக எடுத்தார். ஐந்தும் ஐந்து புது இயக்குநர்களின் முதல் படம். கார்த்திக் சுப்புராஜ் முதலில் கையில் வைத்திருந்தது 'ஜிகர்தண்டா' கதை. அதற்குப் பெரிய பணம் வேண்டும் என்பதால் நான்கு சுவருக்குள் நடக்கிற பேய்க்கதையாக 'பீட்சா'வை எழுதினார். புச்சியோனில் ஓர் அமைப்பு செய்கிற வேலையில் பாதியை இங்கே ஒரு மனிதர் செய்தார். ஒரு மனிதரின் சட்டைப்பை எத்தனை நாள் தாங்கும்?

இதெல்லாம் சினிமாக்காரர்கள் பாடு, நமக்கென்ன என்று தோன்றலாம். நமக்குத்தான் அதிகம். கொலைக்கதை, கும்பல் கதை என்றாலே எல்லாரும் காசிமேட்டுக்கும் வியாசர்பாடிக்கும்தான் கேமராவைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். எண்ணூர் நெடுஞ்சாலையில் முப்பது வருஷத்துக்கு மேல் மூன்று ஷிப்ட்டும் பார்த்தவன் நான். நடுராத்திரியில் சைக்கிளில் திரும்பியிருக்கிறேன். அரிவாளோடு ஓடுகிறவனை சினிமாவில்தான் பார்த்தேன். டயர் கம்பெனியும் மோட்டார் சைக்கிள் கம்பெனியும் லாரி கம்பெனியும் அனல்மின் நிலையமும் இருந்த வட்டாரத்தில், சங்கு ஊதினால் ஆயிரக்கணக்கில் ஆள் வெளியே வந்த தெருவில், கதைக்கு ரவுடி மட்டும்தான் கிடைத்தானா?

அப்படிச் சொன்னாலும் 'ஆரண்ய காண்டம்' (2011) படத்தை நான் தள்ள மாட்டேன். தியாகராஜன் குமாரராஜாவின் முதல் படம்; எஸ்.பி. சரண் பணம் போட்டார். தணிக்கையில் இழுபறி, வசூலில் தோல்வி, பிறகு அறிமுக இயக்குநருக்கான தேசிய விருது. அவருடைய அடுத்த படம் 'சூப்பர் டீலக்ஸ்' வந்தது 2019 இல். எட்டு வருஷம்! நம்மிடம் ஏற்பாடு இல்லை என்பதற்கு இதைவிடக் கணக்கு வேண்டாம்.

'அட்டகத்தி'யில் வந்த பா. இரஞ்சித் ஆவடிப் பக்கத்துக் கிராமத்துக்காரர். 2014 இல் 'மெட்ராஸ்' எடுத்தபோது அதே வியாசர்பாடி வேறு மாதிரி தெரிந்தது. ஹவுசிங் போர்டு மாடிப்படி, கால்பந்து, ஒரு சுவருக்காக நடக்கிற அரசியல். கொலையும் உண்டு; ஆனால் செத்தவனுக்கு வீடும் வேலையும் சிநேகிதனும் இருந்தார்கள். 2021 இல் வந்த 'சார்பட்டா பரம்பரை'யில் நம் குத்துச்சண்டைப் பரம்பரைகளையும் கொண்டுவந்தார். அவர் சும்மா இருக்கவில்லை. தன் நீலம் நிறுவனத்தில் அதியன் ஆதிரை என்ற புதியவரை வைத்து 2019 இல் 'இரண்டாம் உலகப்போரின் கடைசி குண்டு' எடுத்தார். கரை ஒதுங்கிய வெடிகுண்டு ஒன்று பழைய இரும்புக் கடைக்கு வருகிறது. அதை ஏற்றிப்போகிற லாரி டிரைவருக்கு என்ன ஆகும் என்ற பதைப்பில் படம் ஓடுகிறது. காயலான் கடைத் தொழிலாளியின் வேலையை அவ்வளவு பக்கத்தில் வேறு எந்தத் தமிழ்ப்படத்திலும் நான் பார்த்ததில்லை.

வளசரவாக்கத்தில் 'கூகை' என்ற பெயரில் ஒரு நூலகமும் தொடங்கினார். உதவி இயக்குநர்கள் உட்கார்ந்து படிக்கலாம், எழுதலாம், பேசலாம். கதை எழுதுகிறவனுக்கு முதலில் வேண்டியது பணம்கூட இல்லை, விரட்டாத ஓர் இடம். அதைப் புரிந்துகொண்டவர்கள் குறைவு.

எங்கள் தெருவில் ஒரு பையன். கண்டெய்னர் யார்டில் இரவு வேலை. 2017 இல் மூடிய எண்ணூர் பழைய அனல்மின் நிலையத்தை வைத்துப் பேய்க்கதை எழுதிக்கொண்டிருக்கிறான். நாற்பது பக்கம் படித்தேன். சாம்பல் விழுந்த மொட்டைமாடியில் துணி காயப்போடுகிற அம்மா வருகிறார், ஷிப்ட் முடிந்தும் வீடு திரும்பாத ஆபரேட்டர் வருகிறார். நம் ஊர் ஆட்கள். விம்கோ நகரில் மெட்ரோ ஏறினாலும் ஒரே வண்டியில் வளசரவாக்கம் போய்விட முடியாது. மாறித்தான் போக வேண்டும். வழியை ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த வார லீவில் போவதாகச் சொல்லியிருக்கிறான்.