30 சுத்தியலும் 110 காசும்

அடிமை முறை லாபமா, சாதியமைப்பு லாபமா? இந்தக் கேள்வியை இவ்வளவு பச்சையாக நான் முதலில் கேட்டது வரலாற்று வகுப்பில் இல்லை. எம்.ஏ. தமிழ் படித்த நாட்களில், விடுதியில், அறை நண்பனின் கம்ப்யூட்டர் முன்னால். அவன் 'சிவிலைசேஷன் 4' ஆடுகிறவன். ஒரு ராத்திரி என்னையும் உட்கார வைத்தான். என் நகரத்தில் தானியக் களஞ்சியம் எழும்ப இன்னும் பல சுற்றுகள் ஆகும் என்றது திரை. 'ஏண்டா காத்துக்கிட்டு இருக்கே, சவுக்கை எடு' என்றான். எடுத்தேன். 4 என்றிருந்த மக்கள்தொகை 2 ஆனது. அடுத்த சுற்றில் களஞ்சியம் நின்றது. போன அந்த இரண்டு யார் என்று கேட்டேன். 'யாருமில்லடா, எண்ணு' என்றான்.

அந்த 'எண்ணு' என்ற சொல்லைப் பற்றியதுதான் இக்கட்டுரை.

மைக்ரோப்ரோஸ் நிறுவனத்தில் சிட் மெயரும் ப்ரூஸ் ஷெல்லியும் வடிவமைத்த முதல் ஆட்டம் 1991இல் வெளிவந்தது. கி.மு. 4000இல் குடியேறிகளோடு தொடங்குகிறது. ஊரை நாட்டு, சாலை போடு, எழுத்தைக் கண்டுபிடி, படை திரட்டு. கடைசியில் ஆல்ஃபா சென்டாரிக்கு விண்கலம் அனுப்பு, இல்லையென்றால் மற்ற எல்லாரையும் அழி. வழியில் சிறுகுடிகளின் குடிசைகள் வரும். உன் ஆள் உள்ளே நுழைந்தால் பொன்னோ புது அறிவோ கிடைக்கலாம். குடிசை மறைந்துவிடும். அரசில்லாமல் ஆயுதத்தோடு திரிகிறவர்களுக்கு ஆட்டம் வைத்த பெயர் காட்டுமிராண்டிகள். அரசில்லாதவனுக்கு வரலாறில்லை என்று ஹெகல் சொன்னதை இங்கே யாரும் வாதிட்டு நிறுவ வேண்டியதில்லை. அது விதி, மீற முடியாது.

இவ்வகை ஆட்டங்களுக்குப் பொதுப்பெயர் 'நான்கு எக்ஸ்'. 1993இல் 'மாஸ்டர் ஆஃப் ஓரியன்' ஆட்டத்தைப் பற்றி எழுதும்போது ஆலன் எம்ரிச் உருவாக்கியது. தேடு, பரவு, சுரண்டு, அழித்தொழி: இந்த நான்குக்குமான ஆங்கிலச் சொற்களில் எக்ஸ் ஒலி வரும். காலனியத்தின் சொல்லாடலைக் கட்டுடைத்துக் காட்ட நாம் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். இவர்கள் அதைப் பெட்டியின் மேலேயே ஒட்டிவிட்டார்கள்.

அடிமையை மட்டும் எங்கே வைப்பது என்பதில் இந்த ஆட்டங்கள் தடுமாறியிருக்கின்றன. 1994இல் அதே நிறுவனத்திலிருந்து வந்த 'காலனைசேஷன்', 1492இல் தொடங்கி அமெரிக்காவைக் குடியேற்றமாக்கும் கதை. கரும்பு, புகையிலை, பருத்தி எல்லாம் விளைகிறது. ஆப்பிரிக்க அடிமை ஒருவர்கூட இல்லை. இது மௌனம். 2005இல் வந்த 'சிவிலைசேஷன் 4' மௌனத்தை விட்டுக் கணக்குக்கு வந்தது. வெண்கலத்தைக் கற்றால் அடிமை முறை திறக்கும். ஒரு மக்கள்தொகையைப் பலியிட்டால் 30 சுத்தியல் உற்பத்தி. ஒரு நகரில் ஒரே தடவையில் பாதிப் பேருக்கு மேல் பலியிட முடியாது. 10 சுற்றுக்கு அதிருப்தி இருக்கும். களஞ்சியம் இருந்தால் சேர்ந்த உணவில் பாதி மிஞ்சுகிறது, போன எண் சீக்கிரம் திரும்ப வளர்ந்துவிடும். தேர்ந்த ஆட்டக்காரர்களிடம் இதைப் பற்றிக் கருத்து வேறுபாடே கிடையாது: தொடக்கத்தில் இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

சண்டை அடுத்த படியில். சட்டத் தொகுப்பைக் கற்றவுடன் 'சாதியமைப்பு' திறக்கிறது. ஆம், அதே பெயர்தான். அதை ஏற்றால் நகரத்தில் எத்தனை பேரை வேண்டுமானாலும் விஞ்ஞானியாக, வணிகனாக, கலைஞனாக உட்கார வைக்கலாம், வரம்பு கிடையாது. பிறப்பால் தொழிலைப் பூட்டிய ஒன்று, இங்கே தொழிலுக்குள்ள தடையையெல்லாம் திறந்துவிடுகிற சாவி! முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் யோசித்தால் அது வெறும் அறியாமையாகத் தெரியவில்லை. சிம்மாசனத்திலிருந்து பார்க்கிறவனுக்குச் சாதி இப்படித்தானே தெரியும்? வேண்டிய வேலைக்கு வேண்டிய ஆள், கேள்வி கேட்காமல். ஆட்டம் பொய் சொல்லவில்லை. எங்கே நின்று பார்க்கிறது என்பதைத்தான் சொல்லவில்லை.

சவுக்கா, சாதியா என்ற விவாதத்துக்கு ஆட்டக்காரர்கள் கண்ட தீர்வு இன்னும் விசேஷம். வழக்கமாக ஏற்பாட்டை மாற்றினால் அராஜகம் வந்து சுற்று வீணாகும். 'ஆன்மிகம்' என்ற குணமுள்ள தலைவர்களுக்கு அந்த நஷ்டம் இல்லை. ஆகவே ஆன்மிகத் தலைவனை எடுத்துக்கொள், கொஞ்ச நாள் சவுக்கு, கொஞ்ச நாள் சாதி என்று மாறி மாறிப் போ என்கிறார்கள். இந்தியாவுக்கு அந்த ஆட்டத்தில் இருக்கும் தலைவர்கள் அசோகரும் காந்தியும். இருவரும் ஆன்மிகம்தான்.

சரி, அடிமைக்கு விடுதலை எப்படி வருகிறது? பக்கத்து அரசுகள் விடுதலையை ஏற்றால் உன் நகரங்களில் அதிருப்தி ஏறும். கணக்கு இடிக்கும்போது நீயும் மாற்றுவாய். மேலிருந்து, பக்கத்திலிருந்து வரும். கீழிருந்து வருவதற்கு ஒரே ஒரு இடம் உண்டு. 2007இன் விரிவாக்கத்தில் 'தற்செயல் நிகழ்வு' என்ற வரிசையில் அடிமைக் கலகம் வைக்கப்பட்டது. சூறாவளி, நிலநடுக்கத்தோடு அதுவும் ஒன்று. திட்டத்தைக் கெடுக்கிறது என்று ஆட்டக்காரர்கள் எரிச்சல்பட்டார்கள். நிகழ்வுகள் வேண்டாம் என்று தேர்வு செய்யவும் வசதி இருக்கிறது. ஸ்பார்ட்டகஸை ஒரு பொத்தானில் அணைத்துவிடலாம்.

'ஆட்டத்தை ஆட்டமா பாருடா' என்பான் நண்பன். பார்க்கிறேன். ராத்திரி இரண்டு மணிவரை நானும்தான் 'இன்னும் ஒரு சுற்று' என்று உட்கார்ந்திருக்கிறேன். சவுக்கை ரசித்துத்தான் எடுத்தேன். அதனால்தான் எழுதுகிறேன். கனடாவின் பவுண்ட்மேக்கர் கிரீ மக்களின் தலைவர்களில் ஒருவர் 2018இல், தங்கள் மூதாதையான பவுண்ட்மேக்கரை 'சிவிலைசேஷன் 6'இல் சேர்த்தபோது எதிர்ப்புத் தெரிவித்தார். நிலத்தைப் பிடித்து மற்றவர்களை வெல்வதே எங்கள் மக்களின் விழுமியமும் என்று காட்டுகிறீர்களே என்பது அவர் வாதம். ஆட்டத்தில் இடம் கிடைப்பதே கௌரவம் என்று அவர் நினைக்கவில்லை.

நாம் நினைத்தோம். 2025 பிப்ரவரியில் 'சிவிலைசேஷன் 7' வந்தபோது நண்பன் போன் செய்தான்: 'சோழன் வந்துட்டான்டா!' கலம் என்றே பெயருள்ள கப்பல், தஞ்சைப் பெரிய கோயில், எல்லாம் உண்டு. எனக்கும் ஒரு கணம் மயிர்க்கூச்செறிந்தது, மறைப்பானேன்.

அந்த மகிழ்ச்சி அடங்கியதும் ஞாபகம் வந்தது திருப்பாம்புரம் கல்வெட்டு. 1201, மூன்றாம் குலோத்துங்கன் காலம். பஞ்சத்தில் ஒரு வெள்ளாளரும் அவருடைய இரண்டு மகள்களும் 110 காசுக்குத் தங்களைக் கோயிலுக்கு விற்றுக்கொண்டார்கள். இதைக் கல்லில் வெட்டியதும் அதிகாரம்தான், தன் கணக்குக்காக. ஆனாலும் அந்தக் கணக்கில் ஒரு தகப்பன் இருக்கிறான், இரண்டு பெண்கள் இருக்கிறார்கள், ஒரு பஞ்சம் இருக்கிறது. 30 சுத்தியலில் அதுகூட இல்லை.

சோழனை எடுத்து ஆடுகிறவர்கள் ஆடட்டும், நானும் ஆடக்கூடும். அந்த மூன்று பேரை எந்தக் கட்டத்தில் வைப்பது என்று மட்டும் நண்பனைக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமலிருந்துவிட்டு, 'மூணு மக்கள்தொகை' என்றான். இந்தமுறை அவன் சிரிக்கவில்லை.