பொன்னாரின் வாதுமை மரம்

பிரான்சின் தென்கோடியில், கான் நகருக்கு மேலே குன்றுச் சரிவில் ல கன்னே என்று ஓர் ஊர். அங்கே 1926இல் ஒரு சிறிய வீட்டை வாங்கினார் ஓவியர் பியர் பொன்னார். வயது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. மாடி ஜன்னலைத் திறந்தால் கீழே சிவப்பு ஓட்டுக் கூரைகள், அதற்கப்பால் கடல், மேற்கே எஸ்தெரெல் மலை.

பாரிஸ் தெருக்களையும் விளக்கு வெளிச்ச அறைகளையும் வரைந்து பெயர் வாங்கியவர் அவர். 1909இல் சான் த்ரோபே போனபோதுதான் தென்கடற்கரை வெளிச்சம் அவரைப் பிடித்துக்கொண்டது. அங்கே நிழல்கூட வெறும் கறுப்பாக இல்லை. மஞ்சள் சுவரில் பட்ட வெயில் திரும்பி வந்து நிழலுக்கும் நிறம் பூசியது. அதைத் தாயாருக்குக் கடிதத்தில் வியந்து எழுதினார்.

இவ்வளவு வெளிச்சத்தை வரைந்தவர் வெளியில் உட்கார்ந்து வரையவில்லை என்பதுதான் வேடிக்கை. தினமும் நடக்கப் போவார். சட்டைப்பை டைரியில் பென்சிலால் ஒரு கிறுக்கல். பக்கத்திலேயே அன்றைய வானிலை, ஒன்றிரண்டு வார்த்தையில். வீடு திரும்பியதும், சட்டமடிக்காத துணியைச் சுவரில் ஆணியடித்து, நினைவிலிருந்து வண்ணம் போடுவார். ஒரு படம் முடிய வருடக்கணக்கில் ஆகும். முடிந்ததென்றும் சொல்ல முடியாது. அருங்காட்சியகத்தில் தொங்கிய தன் படத்தையே, நண்பர் வுய்யார் காவலாளியிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருக்க, திருட்டுத்தனமாகத் திருத்தினார் என்று ஒரு கதை உண்டு.

1939இல் தொடங்கிய 'மிமோசாவுடன் ஓவிய அறை' 1946இல்தான் முடிந்தது. ஜன்னல் முழுக்க மஞ்சள் பூ. ஊட்டி, கொடைக்கானலில் வாட்டில் மரம் பார்த்தவர்களுக்கு அது தெரிந்த பூதான். புத்தகத்தில் முதலில் பார்த்தபோது, கவலையில்லாத மனிதர் வரைந்தது என்று நினைத்தேன். ஆண்டுகளைக் கவனித்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை. அது போர்க்காலம். வுய்யார் 1940இல் போய்விட்டார். 1893 முதல் கூட இருந்த மனைவி மார்த் 1942 ஜனவரியில் இறந்தார். அவர் அறையைப் பூட்டிவிட்டு, பொன்னார் அதே வீட்டில் தனியாக இருந்தார். அந்தப் படத்தின் இடது கீழ் மூலையில், மஞ்சளோடு மஞ்சளாக ஒரு முகம் தெரிகிறது. மார்த் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கடைசிப் படம், படுக்கையறை ஜன்னலுக்கு வெளியே நின்ற வாதுமை மரம். நம் தெருவில் நிற்கும் நாட்டு வாதுமை இல்லை, பாதாம் காய்க்கும் மரம். குளிர் விடுவதற்கு முன்பே இலையில்லாமல் வெள்ளையாகப் பூத்துவிடும். நீல வானத்துக்கு எதிரே அந்த வெள்ளையை 1946இல் வரையத் தொடங்கினார்.

1947 ஜனவரியில் படுத்த படுக்கை. அப்போதும் அந்தப் படம்தான் மனதில். இடது கீழே தரையில் போட்ட பச்சை சரியில்லை, அங்கே மஞ்சள் வேண்டும் என்றார். கையில் தெம்பில்லை. சகோதரி மகன் சார்ல் தெராஸ் உதவி செய்ய, அந்த இடத்தில் மஞ்சள் ஏறியது. 23ஆம் தேதி இறந்தார், வயது 79.

படம் இப்போது பொம்பிடு மையத்தின் சேகரிப்பில் இருக்கிறது. படம் கண்ணில் பட்டால் மரத்தைப் பார்த்து முடித்த பிறகு, இடது கீழ் மூலையையும் பாருங்கள்.