கருப்பு வெள்ளைச் சாட்சி

ஸ்ரீபுரந்தான் பிருகதீசுவரர் கோயில் நடராஜர் ஆஸ்திரேலியா போன கதையைத் தேடப் புகுந்தபோது, முதலில் கிடைத்தவை காகிதங்கள். நியூயார்க் சிலை வியாபாரி சுபாஷ் கபூர் காட்டிய அந்தப் பத்திரங்களின்படி, சிலை 1970 வாக்கில் டெல்லியில் விலைக்கு வாங்கப்பட்டு, 1972 தொல்பொருள் சட்டத்துக்கு முன்பே நாட்டைவிட்டுப் போய்விட்டது. கான்பரா தேசியக் கலைக்கூடம் 2008-இல் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து அதை வாங்கியது.

காகிதத்தைக் காகிதத்தால் மறுக்க முடியவில்லை. எனவே புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் படத்தொகுப்புக்குப் போனேன். கோயில் கட்டடக்கலையையும் சிற்பங்களையும் ஆராய்வதற்காக 1950-களிலிருந்து ஊர் ஊராகச் சென்று எடுத்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் அங்கே உள்ளன. ஸ்ரீபுரந்தான் நடராஜரும் இருந்தார். படம் எடுத்த ஆண்டு 1994.

அந்தச் சிலைதான் இது என்று எப்படி உறுதி செய்வது? சோழர் செப்புத் திருமேனிகள் மெழுகு வார்ப்பில் உருவானவை. மெழுகு உருவின்மேல் மண் பூசி, சூடாக்கி மெழுகை வடித்து, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். மண்ணை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். அச்சு ஒருமுறையோடு முடிந்தது. ஆகவே ஒன்றைப்போல் மற்றொன்று அமையாது. திருவாசியின் தீக்கொழுந்துகள், விரிசடை, முயலகன் முகம், பீடத்தின் தாமரை இதழ்கள், தேய்மானம் என ஒவ்வொன்றாகக் கலைக்கூடப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். எல்லாம் பொருந்தின. 1972-க்கு முன்பே வெளியேறியதாகச் சொல்லப்பட்ட சிலை, 1994-இல் இன்றைய அரியலூர் மாவட்டத்துக் கோயிலில் இருந்திருக்கிறது. பத்திரம் பொய்.

விருத்தாசலம் விருத்தகிரீசுவரர் கோயிலின் அர்த்தநாரீசுவரருக்கும் இதே கதைதான். அந்தக் கற்சிற்பம் கோஷ்டத்தில் (கோயில் சுவர் மாடத்தில்) நிற்பதை 1974-இல் எடுத்த படம் காட்டுகிறது. பின்னாளில் அது சிட்னி கலைக்கூடத்தில் இருந்தது. இரண்டும் 2014 செப்டம்பரில் இந்தியா திரும்பின.

படம் எடுத்தவர்கள் திருட்டை எண்ணி எடுக்கவில்லை. கலையைப் படிப்பதற்காக எடுத்தார்கள். அந்தப் படிப்பே சாமியை மீட்டது. படமில்லாத கோயிலில் திருட்டுப் போனால் நம்மிடம் காட்ட ஒன்றுமில்லை. உங்கள் ஊர்க் கோயிலின் ஒவ்வொரு திருமேனியையும், கோஷ்டச் சிற்பத்தையும் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் படமெடுத்து, தேதி குறித்து, ஒரு பிரதியை ஊருக்கு வெளியேயும் பத்திரப்படுத்துங்கள்.