கேட்போரும் களனும்

நூல் ஆராயும் கூட்டம் ஒன்றுக்கு முதன்முறையாகச் செல்பவனுக்கு உள்ளூர ஓர் அச்சம் உண்டு. கற்றவர் நடுவே கல்லாதவனாகத் தோன்றிவிடுவோமோ என்னும் அச்சம் அது. கடலூரில் அன்பர் சிலர் திங்கள்தோறும் கூடி ஒரு நூலைப் பற்றி உரையாடி வருகின்றனர் எனக் கேள்வியுற்று, அவ்வச்சத்துடனேயே நானும் ஒரு மாலையில் சென்றமர்ந்தேன். அன்று எடுத்துக்கொண்ட நூல் சீறாப்புராணம். முதல்நாள் இரவு விழித்திருந்து சில படலங்களைப் படித்து வைத்திருந்தேன். உவமை நயம், சந்த நயம் என்று நான் ஆயத்தம் செய்துகொண்டு போன எதையும் எவரும் வினவவில்லை. மூத்தவர் ஒருவர் என்னை நோக்கி, "தம்பி, புதிதாக வந்திருக்கிறீர்கள். இந்த நூலை முதன்முதலில் கேட்ட அவை எந்த ஊர் அவை? சொல்லுங்கள், பார்ப்போம்" என்றார். சீதக்காதி வள்ளலை நினைத்துக் கீழக்கரை என்றேன். அவர் புன்னகைத்து, சிதம்பரம் செல்லும்போதெல்லாம் முட்லூரில் கிழக்கே பிரியும் சாலையைக் காட்டும் பலகையில் நான் கண்டு கடந்துபோன பெயரைச் சொன்னார்: பரங்கிப்பேட்டை.

வீடு திரும்பும் வழியெல்லாம் அவ்வினா என்னை விடவில்லை. நூலை இயற்றியவர் யார் என்று கேட்பது இயல்பு. பொருள் உதவியவர் யார் என்று கேட்பதும் உண்டு. கேட்டவர் யார் என்று நாம் கேட்பதில்லை. நம் முன்னோர் கேட்டனர். சிறப்புப்பாயிரத்துக்கு இலக்கணம் கூறும் நன்னூல், ஆக்கியோன் பெயரையும் நூற்பெயரையும் சொல்லச் சொல்வதோடு நில்லாமல், 'கேட்போர்' என்றும் 'களன்' என்றும் இரண்டைச் சேர்க்கிறது. நூலைக் கேட்டற்கு உரியவர் யார், எந்த அவையில் அது அரங்கேறியது என்பனவும் நூலின் வரலாற்றில் அடங்கும் என்பது கருத்து. தொல்காப்பியத்தின் பாயிரமும் பாண்டியன் அவையைக் குறிப்பதோடு, அங்கே கேட்டிருந்த அதங்கோட்டாசானையும் மறவாமல் குறிக்கிறது. இயற்றியவனுக்கு இணையாகக் கேட்டவனுக்கும் இடம் தந்த மொழி இது.

அரங்கேற்றம் என்றால் இன்று மாலை மரியாதைகளோடு முடியும் வெளியீட்டு விழாவை நினைத்துக்கொள்கிறோம். அன்று அது ஒரு தேர்வு. ஏட்டைப் பிரித்துப் பாட்டைப் படிப்பர், பொருள் விரிப்பர், அவையினர் தடை எழுப்புவர், புலவர் விடை இறுக்க வேண்டும். நாள்கள், சிலவேளை திங்கள்கள், இவ்வாறு நடக்கும். சேக்கிழாரின் பெரியபுராணம் தில்லை ஆயிரக்கால் மண்டபத்தில் ஒரு சித்திரைத் திருவாதிரையில் தொடங்கி மறு ஆண்டுச் சித்திரைத் திருவாதிரையில் நிறைவெய்தியது எனச் சேக்கிழார் புராணம் கூறுகிறது. ஓராண்டு முழுவதும் ஒரு நூலைக் கேட்ட கூட்டம்! கம்பரையும் தில்லைவாழ் அந்தணரின் ஒப்புதல் பெற்று வருமாறு திருவரங்கத்தார் அனுப்பினர் என்றொரு கதை வழங்குகிறது. கதையை வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை. கேட்போரின் ஒப்புதல் இன்றி நூல் இல்லை என்னும் எண்ணம் அதில் பதிந்திருப்பதே நமக்கு வேண்டுவது.

அத்தகைய தில்லைக்கு அருகே, வெள்ளாறு கடலில் கலக்குமிடத்தில் இருக்கிறது பரங்கிப்பேட்டை. மகுமூதுபந்தர் என்பது அதன் மற்றொரு பெயர். ஐரோப்பியர் இட்ட பெயர் போர்ட்டோ நோவோ, அதாவது புதுத்துறை. பாடநூலில் இவ்வூரைக் காண்பவர் 1781இல் ஹைதர் அலியும் அயர் கூட்டும் பொருத போரை மட்டுமே காண்பர். அப்போருக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன் இங்கு நிகழ்ந்ததைப் பாடநூல் சொல்வதில்லை.

எட்டயபுரம் அவைப்புலவராயிருந்த உமறு, பெருமானாரின் வரலாற்றைப் பாடச் சீதக்காதி வள்ளலால் தூண்டப்பெற்றவர். மூல வரலாறு அரபு மொழியில் இருந்தது. அதைப் பெற மார்க்க மேதை சதக்கத்துல்லா அப்பாவை நாடியபோது, புலவரின் உடையையும் கோலத்தையும் கண்டு அவர் முதலில் மறுத்துவிட்டார் என்றும், பின்னர் கனவொன்றால் மனம் மாறி, பரங்கிப்பேட்டையிலிருந்த லெப்பை அலி ஹாஜியாரிடம் அனுப்பினார் என்றும் மரபுவழிச் செய்தி கூறுகிறது. என் உள்ளத்தைத் தொட்டது இப்பகுதிதான். வாதில் வென்று அரசவையில் வீற்றிருந்த புலவர் பரங்கிப்பேட்டைக்கு முதலில் வந்தது பாடுவதற்காக அன்று, கேட்பதற்காக. பிறர் எடுத்துரைக்கக் கேட்டதையே அவர் விருத்தங்களாக வடித்தார். புதிய அவையில் வாய் திறக்க அஞ்சி அமர்ந்திருந்த எனக்கு இது பெரும் ஆறுதல்.

நூல் முடியுமுன் சீதக்காதி மறைந்தார். அப்போது கைகொடுத்தவர் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர். அவர் ஆதரவில் அங்கேயே காப்பியம் அரங்கேறியது. கம்பர் சடையப்ப வள்ளலைப் பாடியதுபோல உமறுவும் அபுல் காசிமைக் கதைப்போக்கின் இடையிடையே இருபது இடங்களுக்குமேல் போற்றுகிறார். நன்றியுணர்வு என்று மட்டும் இதைச் சொல்லி விடுவர் திறனாய்வாளர். எனக்கு வேறொன்றும் தோன்றுகிறது. முன்னே அமர்ந்து கேட்டவரை நூலுக்குள்ளேயே அமரவைத்த செயல் அது. விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என மூன்று காண்டம், 92 படலம், 5027 பாடல் கொண்ட பெருநூலை, கப்பல் வாணிகத்தால் வாழ்ந்த ஒரு துறைமுகப்பட்டினம் ஏற்றுக்கொண்டது. அரசவையும் மடமும் மட்டுமே தமிழ் கேட்டன என்போர் இதைக் கருத வேண்டும்.

எல்லா அவையும் இனிய அவையாக இருந்ததில்லை. ஆலிப்புலவரின் மிகுராசு மாலைக்குத் தம்மவரிடம் களன் கிடைக்காமல், கோட்டாற்றில் பாவாடைச் செட்டியார் என்பவர் முன்வந்து அரங்கேற்றினார் என்பர். கடலூரிலேயே வேறொரு காட்சியும் உண்டு. வள்ளலாரின் பாடல்களை அருட்பா எனலாமா என்று எழுந்த பூசல் முற்றி, 1869இல் ஆறுமுக நாவலர் தொடுத்த வழக்காக மஞ்சக்குப்பம் நீதிமன்றப் படியேறியது. புலவர் அவையில் தீர வேண்டியதை நீதிபதியா தீர்ப்பார்? பின்னாளில் அப்பூசல் மீண்டும் கிளர்ந்தபோது அருட்பாவின் பக்கம் நின்று மேடையேறியவர், சீறாவுக்கு உரை கண்ட கோட்டாறு செய்குத்தம்பிப் பாவலர். நல்ல கேட்போனுக்குச் சமயம் தடையாகவில்லை.

சீறாப்புராணம் 1842இல்தான், செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் முயற்சியால் அச்சேறியது. அதுவரை ஏடு வைத்திருந்தவர் சிலர். மற்றவர்க்கு நூல் என்பது செவிவழி வந்ததே. அச்சு வந்தபின் தனித்திருந்து படிக்கலாயினோம். அது பெரும் பேறு, மறுப்பதற்கில்லை. ஆனால் ஐயம் எழும்போது அருகிலிருப்பவரைக் கேட்கும் வாய்ப்பு அதில் இல்லை.

அடுத்த திங்கள் மீண்டும் சென்றேன். இம்முறை அச்சம் சற்றுக் குறைந்திருந்தது. பெருமானாரின் வாழ்வு முற்றுப்பெறாமல் உறனிக் கூட்டத்தார் படலத்தோடு உமறு நிறுத்திவிட்டாரே, பரங்கிப்பேட்டை அவையினர் மேலே என்ன ஆயிற்று என்று கேட்டிருக்கமாட்டார்களா என்று நானே வினவினேன். மூத்தவர் உடனே விடை சொல்லவில்லை. எஞ்சிய வரலாற்றைக் காயல்பட்டினம் பனீ அகமது மரைக்காயர் 'சின்னச் சீறா'வாகப் பாடியதை ஒருவர் நினைவூட்டினார். வரும் கூட்டத்துக்கு அந்நூல் என்று முடிவாயிற்று. ஒரே ஒரு படிதான் கிடைத்திருக்கிறது. ஒருவர் படிக்க, மற்றவர் கேட்க வேண்டும்.