திருக்கிண்ணத்தில் ஒரு துணுக்கு

அமைதி வாழ்த்து முடிந்து இறைமக்கள் பாடத் தொடங்கும் வேளையில் பீடத்தில் ஒரு சிறு செயல் நிகழ்கிறது. குருவானவர் திருவப்பத்தைப் பிட்டு, அதன் ஒரு துணுக்கைத் திருக்கிண்ணத்தில் இடுகிறார். அப்போது அவர் தாழ்ந்த குரலில் சொல்லும் மன்றாட்டு பெரும்பாலோர் செவிக்கு எட்டுவதில்லை. அரை நிமிடத்திற்குள் முடிந்துவிடும் இச்செயலுக்குப் பின்னே ஆயிரத்து அறுநூறு ஆண்டு வரலாறு உண்டு.

கி.பி. 416இல் திருத்தந்தை முதலாம் இன்னொசென்ட், கூபியோ நகர ஆயர் தெசெந்தியுசுக்கு எழுதிய மடலில் உரோமையின் வழக்கம் ஒன்றைக் குறிப்பிடுகிறார். ஞாயிறுதோறும் தாம் அர்ச்சித்த அப்பத்தின் பகுதிகளைப் பீடத்துணைவர் வழியாக நகரின் பங்கு ஆலயங்களுக்கு அனுப்பிவைப்பார் திருத்தந்தை. தம் மக்களோடு இருக்க வேண்டியிருப்பதால் அவருடைய பலியில் கலந்துகொள்ள இயலாத குருக்கள், அந்நாளில் அவருடைய ஒன்றிப்பினின்று பிரிந்தவராய்த் தம்மை எண்ணிவிடலாகாது என்பதே காரணம். அந்தத் துண்டுக்குப் 'பெர்மென்தும்', அதாவது புளிப்பு மாவு, என்று பெயர். இன்று குருவானவர் கிண்ணத்தில் இடும் துணுக்கில் அவ்வழக்கத்தின் நினைவு தங்கியிருக்கிறது என வழிபாட்டு வரலாற்றறிஞர் பலர் கருதுவர். பிரிந்திருப்போரைச் சேர்ப்பதற்கென நடந்த துண்டு அது.

துணுக்கைப் பொருட்படுத்தும் மனம் திருச்சபைக்குப் புதிதன்று. எருசலேம் ஆயர் சிரிலின் பெயரால் வழங்கும் நான்காம் நூற்றாண்டு மறையுரைகள், புதிதாய்த் திருமுழுக்குப் பெற்றோருக்கு அப்பத்தைக் கையில் ஏந்தும் முறையைக் கற்பிக்கின்றன. பொற்றுகளைக் கையில் வைத்திருப்பவன் அதில் ஒன்றும் சிந்தாமல் எவ்வளவு விழிப்பாயிருப்பானோ, அதனினும் விழிப்பாயிருக்க வேண்டும் என்பது அங்குக் காணும் கருத்து. பழைய இலத்தீன் திருப்பலியில், அப்பத்தைத் தொட்ட பெருவிரலையும் சுட்டுவிரலையும் குரு பிரிக்காமலே வைத்திருப்பார். கழுவிய பின்னரே அவை விலகும். திருமேனித் துகில் விரிப்பதும், பாத்திரங்களை நீரூற்றித் துடைப்பதும், பீடச் சிறுவர் நாடியின் கீழே நற்கருணைத் தட்டைப் பிடிப்பதும் அதே விழிப்பின் பகுதிகள். கண்ணுக்குத் தெரியாத துகளும் துகளே என்பதை எந்த ஆய்வுக்கூடமும் கற்பிக்கும் முன்பே நம் சாக்கிறீஸ்துகள் அறிந்திருந்தன.

அந்தத் துகளே சிலரை நோயில் தள்ளும் என்பது மிகப் பிந்தித் தெரிய வந்தது.

உண்டது உடலில் ஒட்டாமல் வயிற்றோட்டமாய்ப் போக, மனிதர் மெலிந்து தளரும் நோய் ஒன்றைக் கிரேக்க மருத்துவர் அரெத்தாயு பண்டே எழுதிவைத்தார். வயிற்றைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்குப் பெயர் வந்தது. இன்று சீலியாக் நோய் என்கிறோம். 1888இல் இலண்டன் மருத்துவர் சாமுவேல் ஜீ அதனைத் தெளிவாக வரையறுத்தார். குணமாக்க முடியுமாயின் உணவினால்தான் முடியும் என்றும் அவர் கணித்தார். எவ்வுணவு என்பதுதான் பிடிபடவில்லை. நாள்தோறும் பெரும் படி அளவு டச்சுக் கடல் மட்டிகளை உண்டு தேறிய ஒரு குழந்தையைப் பற்றி அவர் எழுதியுள்ளார். மட்டிப் பருவம் முடிந்ததும் நோய் திரும்பிற்று. மறு பருவத்தில் அக்குழந்தை மட்டியைத் தொடவும் மறுத்துவிட்டது! 1924இல் நியூயார்க்கின் சிட்னி ஹாஸ் வாழைப்பழ உணவைப் பரிந்துரைத்தார். குழந்தைகள் பிழைத்தனர். வாழைப்பழத்திற்கு எவரும் அறியாத மருந்துக் குணம் உண்டென்று உலகம் நம்பியது. அவர் விலக்கிய பொருள்களில் ரொட்டியும் இருந்தது என்பதை எவரும் ஊன்றி நோக்கவில்லை.

நோக்கியவர் ஹாலந்து நாட்டு மருத்துவர் வில்லெம் டிக்கே. 1936 முதல் ஹேக் நகரின் யூலியானா குழந்தைகள் மருத்துவமனைக்குத் தலைவராயிருந்த அவருக்கு, கோதுமையே குற்றவாளி என்ற ஐயம் போருக்கு முன்பே எழுந்திருந்தது. 1941இல் அதுபற்றி எழுதவும் செய்தார். பின்னர் வந்தது 1944-45ஆம் ஆண்டுகளின் பசிக் குளிர்காலம். செருமானியர் உணவு வரத்தைத் தடுத்தனர். மக்கள் டூலிப் மலர்க் கிழங்குகளை அவித்துத் தின்றனர். ஏறத்தாழ இருபதாயிரம் பேர் மடிந்தனர். ஊரெல்லாம் வாடிய அந்நாளில், டிக்கேயின் சீலியாக் குழந்தைகள் மட்டும் தேறினர். ரொட்டி இல்லை, ஆதலால் நோயுமில்லை. 1945 ஏப்பிரல் இறுதியில் ஆங்கிலேய விமானங்கள் பசித்த நாட்டின்மேல் உணவு மூட்டைகளைப் போட்டன. அப்பணிக்கு இடப்பட்ட பெயர் 'மன்னா'. ரொட்டி திரும்பியது, அக்குழந்தைகள் மீண்டும் நோயுற்றனர் என்பது டிக்கேயின் வரலாற்றில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. விடுதலைப் பயண நூலை அறிந்த எவரும் அந்தப் பெயரைக் கடந்து எளிதில் செல்ல முடியாது.

1950இல் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் அவர் அளித்த ஆய்வேடு ஐயத்தை உறுதிப்படுத்தியது. 1952இல் பர்மிங்காம் நகர ஆய்வாளர், கோதுமையின் மாவுச்சத்து தீங்கற்றது, குளூட்டன் என்னும் புரதமே தீயது என்று பிரித்துக் காட்டினர். பிசைந்த மாவை நீரில் கழுவக் கழுவ வெண்மை கரைந்தோடி, இழுபடும் பசையொன்று கையில் மிஞ்சுமே, அதுதான் குளூட்டன். பரோட்டா மாவு வீச வீசக் கிழியாமல் விரிவது அதனால்தான். இந்நோயாளரின் உடல் அதனைப் பகையாய்க் கருதிப் போர் தொடுக்கிறது. அப்போரில் சிறுகுடலின் குடலுறிஞ்சிகள் தேய்ந்து மழுங்குகின்றன. பார்லியிலும் ரை தானியத்திலும் இதே தொல்லை உண்டு. மருந்து இல்லை, வாழ்நாள் முழுதும் விலக்குதலே மருத்துவம்.

எவ்வளவு விலக்குவது? 2007இல் வெளியான இத்தாலிய ஆய்வொன்று, நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் குளூட்டன் மூன்று மாதங்களில் குடலைக் கெடுக்கப் போதுமெனக் கண்டது. ஒரு ரொட்டித் துண்டில் 2 கிராமாவது இருக்கும். அதில் நாற்பதில் ஒரு பங்குதான் இந்த 50 மில்லிகிராம். கத்தியில் ஒட்டிய உதிரும், பகிர்ந்த கரண்டியும் கணக்கில் வருவது இதனால்தான். குளூட்டன் அற்றது என ஓர் உணவை அழைக்க, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என உலக உணவு நெறி மன்றம் 2008இல் வரம்பு வகுத்தது.

இனிப் பீடத்திற்குத் திரும்புவோம். நற்கருணை அப்பம் கோதுமையால் மட்டுமே ஆனதாயிருக்க வேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டத்தின் 924ஆம் விதி. இந்நோயாளர் பற்றிக் கேள்வி எழுந்தபோது, 1982இல் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் குளூட்டன் அறவே நீக்கிய அப்பத்தை ஏற்க மறுத்தது. இரசத்தை மட்டும் பருக இசைந்தது. 1995 சூன் 19இல் கர்தினால் இராட்சிங்கர் எழுதிய மடல், குளூட்டன் மிகக் குறைந்த அப்பம் செல்லும் என்றது. ஆனால் இந்நோயுடையோரைக் குருத்துவத்திற்கு ஏற்கலாகாது என்றும் அதே மடல் கூறிற்று. எத்தனை அழைத்தல்கள் அவ்வரியில் நின்றுபோயினவோ! 2003 சூலை 24இல் அவரே எழுதிய மறுமடல், தடையை 'மிகுந்த எச்சரிக்கை' என்ற அளவுக்குத் தளர்த்தியது. 2017 சூன் 15இல் வழிபாட்டுப் பேராயத்தின் கர்தினால் சாரா இந்நெறிகளை மீண்டும் நினைவூட்டினார்.

நெறி இருந்தாலும் அப்பம் வேண்டுமே. அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் கிளைடு என்னும் ஊரின் பெனடிக்டு சபைச் சகோதரிகள் பத்தாண்டளவு முயன்று, நூற்றில் 0.01 பங்கு மட்டுமே குளூட்டன் கொண்ட அப்பத்தைச் சுட்டெடுத்தனர். ஓர் அப்பம் கால் கிராம் எனக் கொண்டால் அதில் இருப்பது 0.025 மில்லிகிராம், வழக்கமான அப்பத்தில் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு இருக்கும். ஆயினும் 2004இல் அமெரிக்காவில், அரிசி அப்பத்தால் ஒரு சிறுமி பெற்ற முதல் நற்கருணை செல்லாதென அறிவிக்கப்பட்டபோது எழுந்த வருத்தம் சிறிதன்று. அரிசியை அன்னமென்று கும்பிடும் நம் நாட்டவருக்கு அக்குடும்பத்தின் கேள்வி அந்நியமாய்த் தோன்றாது. அதற்கு இறையியல் விடை உண்டு. விடை உண்டென்பதால் வலி இல்லையென்று ஆகிவிடாது.

இரசத்தை மட்டும் பருகலாம் என்ற வழிக்குப் பின்னே ஒரு வியப்பு ஒளிந்துள்ளது. இரு வடிவங்களில் எதிலும் கிறிஸ்து முழுமையாய் இருக்கிறார் என்ற கோட்பாட்டைக் காட்டித்தான், 1415 சூன் 15இல் கான்ஸ்டன்ஸ் பொதுச்சங்கம் பொதுநிலையினருக்குக் கிண்ணத்தை மறுத்தது. பொகீமியாவில் அதனால் போரே மூண்டது. அதே கோட்பாடு இன்று அப்பம் உண்ண இயலாதவர் கையில் கிண்ணத்தைத் தருகிறது. தேவையின்போது இரசத்தை மட்டும் வழங்கலாம் என்கிறது 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின் 925ஆம் விதி. கோட்பாடுகளுக்கும் மறுவாழ்வு உண்டு போலும்.

ஆனால் கிண்ணத்திலும் துணுக்கு கிடக்கிறதே! ஒன்றிப்பின் அடையாளமாய் இடப்பட்ட அதே துணுக்கு. முன்னே பருகியவர் வாயிலிருந்து ஒட்டிய உதிரும் விளிம்பில் இருக்கும். அப்பத்தைத் தோய்த்து வழங்கும் இடங்களில் கேட்கவே வேண்டாம். ஆகவே துணுக்கு இடப்படாத தனிக் கிண்ணம் வேண்டும். குறைந்த குளூட்டன் அப்பம் மற்றவற்றோடு ஒரே பாத்திரத்தில் கிடந்தால் சகோதரிகளின் பத்தாண்டு உழைப்பு நொடியில் வீண். அதற்கு மூடிய தனிச் சிமிழ் வேண்டும். நூறு பேருக்கு அப்பம் வழங்கிய விரல்களாலே அதனையும் எடுத்துக் கொடுப்பது ஆகாது. அமெரிக்க ஆயர் பேரவை தன் பங்குகளுக்குத் தந்த அறிவுரைகளில் இவையெல்லாம் இடம்பெற்றுள்ளன. பழைய குரு ஒருவருக்கு இவற்றை விளக்க நேரமாகாது. விரல்களைப் பிரிக்காமல் வைத்திருந்தவர் அவர்.

தமிழ்நாட்டில் 'தனிக் கிண்ணம்' என்ற சொல் உறுத்தும். தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை வைத்த மண் இது. ஆலயத்திற்குள்ளும் கல்லறைத் தோட்டத்திலும் சாதிச் சுவர் எழுப்பிய கிறிஸ்தவர் நாம். உணவில் தனிப் பாத்திரம் என்றாலே ஒருவரை ஒதுக்குவது என்று நம் நினைவு சொல்லும், அந்நினைவு நியாயமானதே. கொரிந்து நகரில் செல்வர் முன்னரே உண்டு முடிக்க, எளியோர் பசித்திருந்ததைப் பவுலடியார் கடிந்ததும் அதே காரணத்தால். ஆனால் இரட்டைக் குவளை, தாழ்த்தப்பட்டவர் தொட்டதை மற்றவர் தொடாதிருக்க வைக்கப்பட்டது. இத்தனிக் கிண்ணமோ, மற்றவர் கையிலிருப்பது நோயாளரைத் தொடாதிருக்க வைக்கப்படுவது. அது இல்லாவிடில் அவர் பந்திக்கே வர இயலாது. பார்வைக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும் என்பதால், வைப்பவர் வாய்திறந்து சொல்லிவிட வேண்டும்.

நம்மிடையே இந்நோய் அரிது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் பங்கேற்று 2016இல் வெளியிட்ட ஆய்வில், நோய் வட இந்தியரில் ஆயிரத்துக்கு 8.53, தென்னிந்தியரில் 0.11 எனக் கண்டனர். நோய்க்கு இடம்தரும் மரபணு இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு, வேறுபட்டது கோதுமையே. வடக்கே நாளொன்றுக்கு 455 கிராம், தெற்கே 25. நம் மறைமாவட்டங்களிலிருந்து வட இந்தியப் பணித்தளங்களுக்குச் செல்லும் குருக்களும் துறவியரும் முதற்கண் இந்நோயைக் காண்பது அங்குதான். இங்கோ, நீரிழிவுக்கு அஞ்சி இரவுதோறும் சப்பாத்திக்கு மாறிய இல்லங்கள் பெருகுகின்றன.

அரிசிச் சமையல்தானே, என்ன அச்சம் என்று தோன்றலாம். சாம்பாரில் இடும் கூட்டுப் பெருங்காயத்தில் மைதா சேர்ந்திருப்பது வழக்கம். பூரி பொரித்த எண்ணெயில்தான் அப்பளம் பொரிகிறது. ரவா தோசை வார்த்த கல்லில்தான் அடுத்த தோசை. கோதுமை அரைத்து முடித்த மாவு மில்லில் அரிசியைக் கொட்டினால், முதலில் விழுவது முன்னவர் கோதுமையே. இவற்றினும் கடியது உபசரிப்பு: "ஒரு வாய்தானே, ஒன்றும் செய்யாது, சாப்பிடம்மா" என்று அத்தை இலையில் வைத்துவிடும் கேசரி. மறுத்தால் அத்தைக்கு மனத்தாங்கல்; உண்டால் வாரக்கணக்கில் வேதனை. சொல்லிச் சொல்லிச் சலித்து, விருந்துக்கே வராமல் நின்றுவிடுவோர் உண்டு.

வரவேண்டும் என்று விரும்பும் வீடுகளில் வேறு வழக்கம் காணலாம். மைதா சேராத பெருங்காயம் முன்கூட்டியே வாங்கப்படுகிறது. அரிசி மாவு வீட்டிலேயே அரைபடுகிறது. அப்பளத்திற்குப் புது எண்ணெய். கரண்டிகள் ஒன்றில் முக்கி மற்றொன்றில் நுழையுமுன், எல்லாக் குழம்பும் கூட்டும் ஒரு தட்டில் எடுக்கப்பட்டு மூடி வைக்கப்படுகின்றன. பிறகு பந்தி போடுகிறார்கள். மூடிய தட்டும் அதே வரிசையில், அத்தையின் இலைக்குப் பக்கத்தில் வந்து அமர்கிறது.