பருத்திப் பணம், மனைப் பத்திரம்: மதுரை வட்டார மாணவர் பிரெஞ்சு வணிகப் பள்ளிகளுக்குச் சென்ற வரலாறு

தமிழர் பிரான்சில் படிப்பது என்றால் நம் நினைவு புதுச்சேரிக்குத்தான் போகும். மதுரையிலிருந்து திண்டுக்கல் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள சமயநல்லூரையோ, அதை அடுத்த பரவை, வாடிப்பட்டி ஊர்களையோ யாரும் நினைப்பதில்லை. இன்று இந்த வட்டாரத்தில் பி.காம்., பி.இ. முடித்த பிள்ளைகளும் ரீம்ஸ், ரூவான், லியோன் போன்ற நகரங்களின் வணிகப் பள்ளிகளைப் பற்றி விசாரிக்கிறார்கள். இந்த வழி எப்படித் திறந்தது? புதுச்சேரியின் பிரெஞ்சு மரபு நீண்டு மதுரைவரை வந்ததன் விளைவு இது என்பது பரவலான எண்ணம். நான் அப்படிக் கருதவில்லை. பிரெஞ்சு வணிகப் பள்ளிகளுக்குச் சோறு போட்ட பணம் எங்கிருந்து வந்தது, பிறகு ஏன் வற்றியது என்ற கேள்வியில்தான் விடை இருக்கிறது.

புதுச்சேரி வழி தனி வழி. தனிச்சட்ட உரிமையைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்க 1881-ஆம் ஆண்டு ஆணை இடம் தந்தது. அப்படித் துறந்தவர்களின் குடும்பங்கள் சைகோன் அரசுப் பணிக்கும் பிரான்சுக்கும் போயின. 1956-இல் கையெழுத்தாகி 1962-இல் நடைமுறைக்கு வந்த, புதுச்சேரியை இந்தியாவிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தம், பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ளும் வாய்ப்பையும் தந்தது. அந்தப் பயணங்களுக்கு அடிப்படை குடியுரிமையும் பிரெஞ்சு மொழியும். மதுரை மாவட்டத்தாருக்கு இரண்டும் கிடையாது.

பிரெஞ்சுக்காரர் மதுரைப் பக்கம் வராமலும் இல்லை. இயேசு சபை மீண்டும் நிறுவப்பட்டபின், 1837 முதல் மதுரை மிஷன் பிரெஞ்சு இயேசு சபையாரின் பொறுப்பில் இருந்தது. வைகையின் கீழ்ப்பகுதியில் இடைக்காட்டூர்த் திரு இருதய ஆலயத்தை ரீம்ஸ் பேராலயத்தின் சாயலில் கட்டியவரும் பிரெஞ்சுப் பாதிரியார்தான். ரீம்ஸ் இன்று ஒரு பெரிய வணிகப் பள்ளிக்கும் பேர்போன ஊர். இதே சபையார் நாகப்பட்டினத்தில் 1844-இல் புனித வளனார் கல்லூரியைத் தொடங்கினார்கள். 1883-இல் அது திருச்சிக்கு இடம் மாறியது. சென்னை லயோலா கல்லூரியை 1925-இல் தொடங்கிய பெர்ட்ராம் அடிகளாரும் பிரெஞ்சுக்காரர். ஆனால் பிரிட்டிஷ் ஆட்சியின் பல்கலைக்கழகத் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்ய வேண்டியிருந்ததால் இவர்கள் கற்பித்தது ஆங்கிலத்தில். மதுரைக்கு வந்த முதல் பெரிய கல்லூரியோ அமெரிக்க மிஷன் தந்தது: 1881-இல் பசுமலையில் தொடங்கிய அமெரிக்கன் கல்லூரி. ஆக, பாதிரியார்களால் பிரெஞ்சு மொழி இங்கே வேர்விடவில்லை. பிற்காலத்தில் மெட்ரிக் பள்ளிகளில் பிரெஞ்சு படித்தவர்களில் பலர் ப்ளஸ் டூ மதிப்பெண்ணுக்காகவே அதை எடுத்தார்கள்.

இனி பிரான்சின் பக்கம். பாரிசில் 1819-இல் தொடங்கிய ஈ.எஸ்.சி.பி. உலகின் முதல் வணிகப் பள்ளி எனப்படுகிறது. அதை 1869-இல் பாரிஸ் வணிகர் சபை ஏற்றுக்கொண்டது. அதே சபை 1881-இல் எச்.ஈ.சி.யைத் தொடங்கியது. ரூவான், லியோன், மார்செய், போர்தோ என மாகாண நகரங்களில் 1870-களில் வரிசையாகப் பள்ளிகள் எழுந்தன. 1907-இல் இயேசு சபையாரின் பள்ளி ஒன்றில் பிறந்த எஸ்செக் நீங்கலாக, பெரும்பாலானவற்றைத் தாங்கியது உள்ளூர் வணிகர்களின் பணம்.

இந்த மாகாணப் பள்ளிகளுக்கு முன்னோடி அல்சேஸ் பகுதியின் மூலூஸ் என்ற நெசவு நகரம். அங்கே 1866-இல் வணிகப் பள்ளியைத் தொடங்கியவர்கள் ஜூல் சீக்ஃபிரீட், ஜாக் சீக்ஃபிரீட் என்ற சகோதரர்கள், பருத்தி வணிகர்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரால் (1861–65) தென் மாநிலங்களின் பருத்தி ஐரோப்பாவுக்கு வராமல் நின்றபோது, இவர்கள் பம்பாயில் கிளை திறந்து இந்தியப் பருத்தியை இறக்கினார்கள். அதில் சேர்ந்த செல்வம் பெரிது. பள்ளிக்கு அள்ளிக் கொடுத்த கை அந்தச் செல்வத்தில் வளர்ந்த கை. 1871-இல் அல்சேஸ் ஜெர்மனியின் கைக்குப் போனபின் மூலூஸ் பள்ளியின் மரபு லியோனுக்குப் பெயர்ந்தது. 1872-இல் அங்கே தொடங்கிய பள்ளிதான் இன்றைய எம்லியோன். அவர்கள் வாங்கியது மதுரைப் பருத்தி என்று சொல்ல வரவில்லை; பம்பாய்ச் சந்தைக்கு முதலில் வந்தது மேற்கு இந்தியாவின் கரிசல்நிலப் பருத்தி. ஆனால் அதே போர்க்காலத்தில் திருநெல்வேலி, மதுரைச் சீமைகளின் பருத்தி விலையும் தூத்துக்குடியில் ஏறியது. இந்திய உழவர் விளைவித்த பருத்தியின் லாபத்தில் ஒரு பங்கு பிரெஞ்சு வணிகக் கல்விக்கு அடித்தளம் இட்டது என்பதை நம் வரலாற்று நூல்கள் போதிய அளவு கவனிக்கவில்லை. அது எனக்கு உண்மையான வருத்தம்.

மதுரையிலும் இதற்கு இணையான ஒன்று நடந்தது. நெசவாலை முதலாளி கருமுத்து தியாகராசர் 1949-இல் கலைக் கல்லூரியையும் 1957-இல் பொறியியல் கல்லூரியையும் 1962-இல் மேலாண்மைப் பள்ளியையும் நிறுவினார். பிரான்சில் ஃபோன்தேன்புளோவின் இன்சியாத் வணிகப் பள்ளி தொடங்கியதும் 1957-இல்தான். மில் பணம் பள்ளியாக மாறுவதில் மூலூசும் மதுரையும் ஒத்த நகரங்கள். இருப்பினும் இந்த இரண்டு மரபுகளும் நாற்பது ஆண்டுகள் ஒன்றையொன்று பார்க்கவில்லை. மதுரையில் எம்.பி.ஏ. என்றால் அமெரிக்கப் பாடத்திட்டம். பிரான்சில் வணிகப் பள்ளி என்றால் பிரெஞ்சு மொழியில் இரண்டு ஆண்டு ஆயத்த வகுப்பு, அதன்பின் கடும் போட்டித் தேர்வு.

அந்தச் சுவர் 1990-களின் இறுதியில் விரிசல் கண்டது. ஐரோப்பிய மேலாண்மைப் பள்ளிகளுக்கான ஈக்விஸ் தரச்சான்று 1997-இல் வந்தது. அடுத்த ஆண்டு சோர்போன் அறிக்கையும் 1999-இல் பொலோஞா அறிக்கையும் ஐரோப்பியப் பட்டங்களை ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவர முயன்றன. அதே 1999-இல், இன்று ‘மாஸ்டர்’ எனப்படும் பட்டநிலையைப் பிரெஞ்சு அரசு உருவாக்கி வணிகப் பள்ளிகளுக்கும் அதற்கு வழி வைத்தது. ஃபைனான்ஷியல் டைம்ஸ் 2005-இல் மேலாண்மை முதுகலைப் படிப்புகளைத் தரவரிசைப்படுத்தத் தொடங்கியதும், வெளிநாட்டு மாணவர் எண்ணிக்கையும் பேராசிரியர்களின் நாடும் மதிப்பெண்களாயின. ஆங்கில வகுப்புகள் பெருகின. 2013-இல் வந்த உயர்கல்விச் சட்டம் ஆங்கிலவழிப் பாடங்களுக்கு மேலும் இடம் தந்தது.

இதற்கிடையே இப்பள்ளிகளைத் தாங்கிவந்த வணிகர் சபைகளின் வருவாயை அரசு குறைத்தது. நிறுவனங்களிடமிருந்து அவற்றுக்கு வந்த வரியில் 2010-களில் வெட்டு மேல் வெட்டு விழுந்தது. பள்ளிகள் இணைந்தன: லீலும் சோஃபியா அந்திபோலிசும் சேர்ந்து 2009-இல் ஸ்கேமா, ரீம்சும் ரூவானும் சேர்ந்து 2013-இல் நியோமா, மார்செயும் போர்தோவும் சேர்ந்து அதே ஆண்டில் கேட்ஜ். 2014 டிசம்பரில் வந்த சட்டம் இப்பள்ளிகள் சபையிலிருந்து தனித்த நிறுவனங்களாக நிற்க வழி செய்தது. நூற்று நாற்பது ஆண்டுகள் தாங்கிய வணிகர் கை விலகியபின் அந்த இடத்தை நிரப்ப வேண்டியது மாணவர் கட்டணம். ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வரும் மாணவர் சேர்க்கை அதனால்தான் வேகமெடுத்தது. பிரெஞ்சுப் பண்பாட்டைப் பரப்பும் ஆர்வம் இதில் ஓர் உபகாரணம் மட்டுமே.

அந்தக் கட்டணம் சமயநல்லூரில் எப்படித் திரள்கிறது? இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டம் 2001-இல் வந்தது. சிவகங்கை உறுப்பினர் ப. சிதம்பரம் நிதியமைச்சராக இருந்த ஆண்டுகளில் கல்விக்கடன் தமிழகக் கிராமங்கள்வரை பரவியது. வெளிநாட்டு வணிகப் பள்ளியின் கட்டணமோ ஆண்டுக்குப் பத்தாயிரம் யூரோவைத் தாண்டும். அவ்வளவு பெரிய தொகைக்குப் பொதுத்துறை வங்கி அடமானம் கேட்கும்.

கடன் கோப்பைப் பிரித்தால் இந்த வரலாற்றின் இன்றைய முகம் தெரியும். மேலே தாய்ப்பத்திரம், அதன்கீழ் முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று, பட்டா, வீட்டு வரி ரசீது. பிறகு வங்கி வக்கீலின் லீகல் ஒப்பீனியன், என்ஜினீயரின் வேல்யூவேஷன். தாத்தா பெயரில் இருக்கும் சொத்தென்றால் வாரிசுச் சான்றும் அத்தைமார் கையெழுத்தும் வேண்டும். மனை நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் (டி.டி.சி.பி.) அப்ரூவல் பெற்றதா என்பது அடுத்த கேள்வி. மதுரையின் ஓரத்தில் நெடுஞ்சாலையை ஒட்டி அப்ரூவல் இல்லாமல் போட்ட பிளாட்டுகள் பல. அவற்றைப் பதிவு செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்ததையும், மறு ஆண்டு வரன்முறைத் திட்டம் வந்ததையும் இங்குள்ள எவரும் மறக்கவில்லை.

இதில் என்னை அதிகம் கவலைப்படுத்துவது நஞ்சை வைத்திருக்கும் குடும்பத்தின் நிலை. கடன் தவறினால் வழக்கில்லாமல் சொத்தை எடுக்க வங்கிக்கு அதிகாரம் தரும் 2002-ஆம் ஆண்டு சர்ஃபாசிச் சட்டம் விவசாய நிலத்துக்குப் பொருந்தாது. உழவரைக் காக்க வைத்த விலக்கு அது. அதன் மறுபக்கம், இந்தக் கடனுக்கு வயலை ஈடாக ஏற்க வங்கிகள் பெரும்பாலும் தயங்குகின்றன. வைகைப் பாசனத்தில் இரண்டு ஏக்கர் உள்ளவர் வெறுங்கையோடு திரும்ப, ஐந்து சென்ட் அப்ரூவ்டு மனை உள்ளவர் கையெழுத்துப் போடுகிறார். வயல்காரரின் பிள்ளைக்கு எஞ்சுவது கூடுதல் வட்டிக்கு ஈடின்றிக் கொடுக்கும் தனியார் நிதி நிறுவனம்.

அரசுகள் தந்த ஊக்கத்தையும் சொல்ல வேண்டும். 2018 மார்ச்சில் இந்தியாவும் பிரான்சும் பட்டங்களைப் பரஸ்பரம் ஏற்கும் உடன்பாட்டைச் செய்தன. குடிபெயர்வு உடன்பாடு 2021-இல் நடைமுறைக்கு வந்து, முதுகலை முடித்த இந்தியர் வேலை தேட இரண்டு ஆண்டுவரை தங்க இடம் தந்தது. 2030-க்குள் 30,000 இந்திய மாணவர் என்ற இலக்கை அதிபர் மக்ரோன் 2024 ஜனவரியில் அறிவித்தார். படிக்கும்போது ஆண்டுக்கு 964 மணி நேரம் வேலை செய்யலாம். ஆனால் வகுப்பறையில் போதுமான ஆங்கிலம் வாசலுக்கு வெளியே போதாது. கட்டணத்தை நிறுவனமே ஏற்கும் வேலையோடு கூடிய படிப்பு பிரான்சில் பரவலாக உண்டு. அதைப் பெறப் பெரும்பாலும் பிரெஞ்சு பேச வேண்டும். ஊரிலிருக்கும்போதே பி-1 அளவாவது பிரெஞ்சு கற்றுக்கொண்டு போகிறவருக்குக் கடன்சுமை குறையும் வாய்ப்பு அதிகம். சான்றிதழில் எம்.எஸ்சி. என்ற எழுத்து இருப்பதோடு நிறைவடையாமல், அரசு தரும் மாஸ்டர் நிலை அதற்கு உண்டா என்று சேருமுன் பார்க்க வேண்டும். படிப்புக்குப்பின் தங்கும் உரிமை படிப்பின் அங்கீகாரத்தைப் பொறுத்தது. பொதுப் பல்கலைக்கழகங்களுக்குள் 1955 முதல் இயங்கும் ஐ.ஏ.ஈ. என்னும் மேலாண்மை நிறுவனங்களில் கட்டணம் மிகக் குறைவு. வெளிநாட்டுப் படிப்புக்கு ஆள் சேர்க்கும் முகவர்கள் அவற்றைச் சொல்வது அரிது.

அடமானம் வைக்க ஏதுமில்லாதவருக்கு உதவித்தொகைதான் வழி. 2008-ஆம் ஆண்டு தொகுதி மறுசீரமைப்புக்கு முன் சமயநல்லூர் ஆதிதிராவிடருக்கான தனிச் சட்டமன்றத் தொகுதி. 2006-இல் அங்கே வென்ற தமிழரசி ஆதிதிராவிடர் நலத்துறை அமைச்சரானார். அத்தகைய வட்டாரத்தில், பட்டியல் வகுப்பினர் முதலானோருக்கு ஒன்றிய அரசு தரும் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை பெரிதும் உதவ வேண்டும். அது உலகத் தரவரிசையான கியூ.எஸ். பட்டியலின் முதல் 500 இடங்களுக்குள் உள்ள நிறுவனங்களையே ஏற்கிறது. அந்தப் பட்டியல் பல துறைகள் கொண்ட பல்கலைக்கழகங்களுக்கானது. எச்.ஈ.சி., எஸ்செக் போல ஒரே துறை கற்பிக்கும் பிரெஞ்சுப் பள்ளிகள், தரம் எவ்வளவு உயர்ந்திருந்தாலும், பொதுவாக அதில் வருவதில்லை. இவை பல்கலைக்கழகங்களுக்கு வெளியே வணிகர் கையில் வளர்ந்த வரலாறே இப்படிக் குறுக்கே நிற்கிறது. பட்டியலோடு சேர்த்து, பிரெஞ்சு அரசின் மாஸ்டர் நிலை பெற்ற படிப்புகளையும் தகுதியாக ஏற்க ஒன்றிய சமூகநீதி அமைச்சகம் விதியைத் திருத்தலாம். பட்டங்களை ஏற்கும் 2018 உடன்பாடு கையில் இருக்கும்போது அதற்குப் புதிய ஒப்பந்தம் எதுவும் தேவைப்படாது.